பித்தளைக்குப் பதம்

பிறை என்று சொன்னால் தமிழர் மனத்தில் வானத்துப் பிறையே தோன்றும். மலாயில் 'பெராய்' என வழங்கும் பெயருக்கு நம்மவர் தம் செவிக்கு இனிய வடிவம் கொடுத்துக்கொண்டனர். ஊரைக் கண்டவர்களுக்கோ நிலவு நினைவுக்கு வருவதில்லை. புகைபோக்கிகளும் சரக்கு வண்டிகளுமே நினைவுக்கு வரும். பிறை ஆற்றுக்குத் தெற்கே, பட்டர்வொர்த்துக்கு எதிர்க்கரையில், தீவைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் இந்த நிலப்பகுதியில் 1967ஆம் ஆண்டு மலாயாவாத்தா இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜப்பானியர் துணையோடு எழுந்த அவ்வாலை, நிலக்கரிக்குப் பதிலாக, பால் வற்றி வெட்டப்பட்ட ரப்பர் மரங்களின் கரியைக் கொண்டு இரும்பை உருக்கியது. தோட்டத் தொழிலாளியின் வாழ்நாளை வாங்கிக்கொண்ட மரம், இறுதியில் உலைக்கும் உணவாயிற்று. பின்னர் ஆலையின் பெயரும் உடைமையும் மாறின. ஆனால் நெருப்போடு பழகிய மனிதர்கள் பலர் அந்த வட்டாரத்தில் தங்கிவிட்டார்கள்.

அவர்களுள் ஒருவர் இக்கட்டுரைக்கு உரியவர். ஐம்பத்தாறு வயது. பிறைத் தொழிற்பேட்டையில் உலோகப் பொருள்கள் செய்யும் ஓர் ஆலையில், உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பிரிவில், இருபது வயது முதல் வேலை பார்த்து வருகிறார். தனியார் துறையில் ஓய்வு வயது அறுபது என்று 2013ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து சட்டம் நடைமுறைக்கு வந்ததால் அவருக்கு இன்னும் நான்கு ஆண்டு வேலை இருந்தது. அந்த நான்கு ஆண்டு முடிந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கேள்விக்கு முதல் விடையைக் கொண்டு வந்தவர் அமெரிக்காவில் பொறியாளராக இருக்கும் அவருடைய அக்காள் மகன். விடுமுறைக்கு வந்திருந்தவர், பின்கட்டில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறு ஒரு செய்தியைச் சொன்னார்.

"மாமா, அங்கே துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஏராளம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிய மாட்டார்கள். மருந்தும் குண்டும் மறுபடி அடைத்துப் பயன்படுத்துவார்கள். சில முறை சுட்டதும் கூட்டின் கழுத்து இறுகி வெடித்துவிடும். அந்தக் கழுத்தை மட்டும் காய்ச்சி இளக்கிக் கொடுப்பதையே வீட்டுக் கொட்டகையில் சிறு தொழிலாகச் சிலர் செய்கிறார்கள். அஞ்சலில் கூடு வரும். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. நீங்கள் வாழ்நாள் முழுதும் செய்த வேலைதானே இது?"

மருமகன் சொன்னதில் பிழையில்லை. தோட்டாக் கூட்டுக்கென்றே ஏற்பட்ட பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் உண்டு. வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, கிண்ணத்தை மேலும் மேலும் இழுத்துக் குழாயாக்குகிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் உலோகத்தின் உள்ளே உள்ள நுண்மணிகள் நசுங்கி நீள்கின்றன, உலோகம் இறுகுகிறது, இன்னும் இழுத்தால் கிழியும். ஆகவே இழுப்புக்கு இழுப்பு சூடேற்றி இளக்குவார்கள். சூட்டில் நசுங்கிய மணிகள் மறைந்து புதிய மணிகள் பிறக்கின்றன. பழைய நெகிழ்ச்சி திரும்புகிறது. வேலை முடிந்த கூட்டின் வாய்ப்புறத்தை இறுதியாக ஒருமுறை காய்ச்சுவதும் உண்டு. படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தில் காணப்படும் நீலம் பாய்ந்த கறை அந்தச் சூட்டின் அடையாளமே.

சுடும்போது கழுத்து விரிகிறது. மறுபடி அடைக்கும்போது அச்சில் நெருக்கிச் சுருக்குகிறார்கள். விரிந்தும் சுருங்கியும் மீண்டும் இறுகுகிறது. அதனால்தான் மறு இளக்கம் தேவைப்படுகிறது. அதில் ஒரு நுட்பமும் உண்டு. கழுத்துக்குச் சில நொடிகளில் ஏறத்தாழ 400 பாகை வெப்பம் போதும். அடிப்பகுதிக்கோ அந்தச் சூடு போகவே கூடாது. உயர்விசைத் துப்பாக்கியில் மருந்து எரியும் கணத்தில் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்குவது அந்த அடிதான். அது இளகிவிட்டால் சுடுபவரின் முகத்துக்கே கேடு. கழுத்து மென்மையாகவும் அடி வன்மையாகவும் ஒரே பொருளில் இருக்கவேண்டும். சூட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் செய்பவர்கள் விளக்கைத் தணித்து, மங்கிய அறையில் வேலை செய்வார்கள் என்றும் மருமகன் சொன்னார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்குத் தம் தந்தையின் நினைவு வந்துவிட்டது. அவர் தந்தையும் அந்தி மயங்கிய பிறகுதான் உலையை ஊதுவார்.

எனினும் தோட்டா வேலை மலேசியாவில் நடவாது என்பதை அறிய அவருக்கு ஒருநாள்கூடத் தேவைப்படவில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், 1971இல் வந்த கடுந்தண்டனைச் சட்டமும் இருக்கிறது. அடுத்த தெருவில் வாழும் ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டார். "வெறும் கூடு தானே என்று எண்ணி ஒன்றைக்கூட வீட்டில் வைத்துவிடாதீர்கள், அண்ணே" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு நாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருப்பது மற்றொரு நாட்டில் சிறைவாசலாக இருக்கிறது. மலேசியா இவ்வகையில் கடுமையாக இருப்பது நல்லதே என்றுதான் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நினைப்பார்கள்.

ஆனால் மனத்தில் விழுந்த பொறி அணையவில்லை. தோட்டா இல்லாவிட்டால் என்ன, பித்தளை இருக்கிறதே!

அவருடைய தந்தை கன்னார். தஞ்சைப் பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் எடுபிடியாக இருந்து, இளம் வயதில் ரஜுலாக் கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926இல் கட்டப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழரை ஏற்றி இறக்கிய அந்தக் கப்பலை அறியாத குடும்பம் மலேசியத் தமிழரிடையே குறைவு. அவர் பால் வெட்டவில்லை. மிதிவண்டியின் பின்னால் துருத்தியையும் கரி மூட்டையையும் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று பாத்திரங்களுக்கு ஈயம் பூசினார். பள்ளி விடுமுறையில் மகனும் உடன் செல்வான்.

லயத்து வாசலில் மண்ணைத் தோண்டிச் சிறு குழி, குழியில் கரி, மண்ணுக்கடியில் குழல், குழலின் மறுமுனையில் துருத்தி. பெண்கள் குடத்தையும் அண்டாவையும் சருவத்தையும் கொண்டு வந்து வரிசையாக வைப்பார்கள். புளியும் மணலும் இட்டுக் காலால் சுழற்றித் தேய்ப்பது சிறுவனின் வேலை. பாத்திரம் சூடேறியதும் தந்தை நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும்; மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும். ஈயக் குச்சியை ஒரு கீற்றுக் கீறி, பஞ்சுப் பந்தால் ஒரு சுழற்று. பாத்திரத்தின் உட்புறம் நிலவாக மாறும். கூடியிருக்கும் பிள்ளைகள் 'ஆ' என்பார்கள். அந்த வியப்பொலிக்காகவே தந்தை அந்தக் கடைசிச் சுழற்றைச் சற்று மெதுவாகச் செய்வாரோ என்று மகனுக்கு இன்றும் ஓர் ஐயம்.

நசுங்கிய பாத்திரம் வந்தால் தந்தை உடனே சுத்தியலை எடுக்க மாட்டார். முதலில் நெருப்பில் காட்டுவார். அடிவாங்கி அடிவாங்கி இறுகிய பித்தளை இன்னோர் அடியில் பிளந்துவிடும் என்பது அவர் அறிந்த நூல். நிழலில் வைத்துப் பார்க்கும்போது மங்கலாகச் சிவக்கத் தொடங்கும் நொடியில் எடுத்துவிடுவார். தென்னை ஈர்க்கை ஒட்டிப் பார்த்து, அது கருகும் விதத்தைக் கண்டு சூட்டை அளப்பார். இரும்பைப்போல் பித்தளையை நீரில் அமிழ்த்தினால் இறுகாது என்பதும் அவருக்குத் தெரியும். "பதம் தப்பினால் பாத்திரமும் போகும், பெயரும் போகும்" என்பார்.

இந்தப் 'பதம்' என்ற சொல்லைத் தமிழாசிரியர்கள் ஒருகணம் நின்று பார்க்கலாம். நன்னூலில் பதவியல் என்றால் சொல்லைப் பற்றிய இயல். அடுப்படியில் பதம் என்றால் சோற்றின் பக்குவம். உழவனுக்குப் பதம் என்பது மண்ணின் ஈரம். கன்னானுக்கோ அது நெருப்பின் அளவு. ஒரே சொல் பள்ளியிலும் சமையலறையிலும் வயலிலும் பட்டறையிலும் தனித்தனி வேலை பார்க்கிறது. மாணவர்க்குச் சொல்ல அழகிய எடுத்துக்காட்டு.

அலுமினியமும் அதைத் தொடர்ந்து எவர்சில்வரும் வந்தன. தந்தையின் துருத்தி பரணில் ஏறியது. பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்னும் ஊரில் பாத்திரம் அடிக்கும் தட்டேரர்களின் கைவினையை 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தோட்டத்து ஈயக்காரரின் தொழிலுக்கு அப்படி எந்தப் பட்டியலும் கிடைக்கவில்லை. அது சொல்லிக்கொள்ளாமல் மறைந்தது.

மறைந்ததற்கு மகன் இப்போது மறுபிறவி கொடுக்க எண்ணினார். வணிகப் பெயரைப் பதிவு செய்தார். கைமாறி வந்த மட்பாண்டச் சூளை ஒன்றை, மின்சாரத்தில் இயங்குவது, 1,400 வெள்ளிக்கு வாங்கினார். வெப்பத்தைக் காட்டும் கருவி பொருத்தினார். பின்கட்டுத் தகரக் கொட்டகையின் இரு பக்கத்தையும் காற்றோட்டத்துக்காகத் திறந்துவிட்டார். பித்தளை மிகச் சூடேறினால் துத்தநாகம் ஆவியாகும். அந்தப் புகையை உட்கொண்டவருக்கு இரவில் குளிர் காய்ச்சல் வரும் என்பதை ஆலையில் கண்டிருந்தார். மனைவிக்கு இந்த முயற்சியில் பெரிய நம்பிக்கை இல்லை. "எவர்சில்வர் காலத்தில் பித்தளைக்கு யார் வருவார்கள்?" என்றார். ஆனால் வந்தார்கள். தைப்பூசத்துக்கு முன்னே பால்குடங்கள் வந்தன. தண்ணீர்மலைக்குக் குடம் சுமக்க நேர்ந்துகொண்டவர்கள், பாட்டி காலத்து நசுங்கிய குடங்களைத் தேடியெடுத்து வந்தார்கள். தீபாவளிக்கு முன் விளக்குகள் வந்தன.

முதல் ஆண்டில் ஒரு பெரும்பிழையும் நேர்ந்தது. முதிய அம்மையார் ஒருவர் தந்த சொம்பைச் சூளையில் வைத்துவிட்டு, தொலைபேசிப் பேச்சில் நேரத்தை மறந்துவிட்டார். எடுத்தபோது சொம்பு உருமாறவில்லை. ஆனால் கையில் அழுத்தினால் தகடு உள்ளே போயிற்று. சற்றே அடித்துப் பார்த்தார். மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தின் தோலைப்போல் பொரிந்தது. அளவுக்கு மீறிய சூட்டில் நுண்மணிகள் பெருத்துவிட்டன என்பது அவருக்கா தெரியாது! முப்பத்தாறு ஆண்டுகள் ஆலையில் பிறர்க்குக் கற்பித்த பாடம். புதிய சொம்பு வாங்கிக் கொடுத்தார். அம்மையார் அதைப் பெற்றுக்கொண்டார். எனினும், "அது என் தாயார் தந்தது, தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் கொட்டகைக்குள் தொலைபேசியைக் கொண்டு போவதில்லை.

இரண்டாம் ஆண்டில்தான் அந்தக் குடம் வந்தது.

கூலிம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். குடும்பத் தொழில், சிறு தோட்டக்காரரிடம் ரப்பர்ப் பால் வாங்கி விற்பது. மகனுக்குத் திருமணமாகி மூன்று திங்களே ஆகியிருந்தன. மருமகள் சீராகக் கொண்டு வந்த புதுப் பித்தளைக் குடம், நள்ளிரவில், யாரும் தொடாமல், 'டப்' என்ற ஒலியோடு வாயிலிருந்து வயிறுவரை பிளந்துவிட்டது. தாய் குடத்தை ஒட்ட வரவில்லை. தொட்ட கை யாருடையது, வைத்த நேரம் எத்தகையது என்று ஊரில் இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு, மூன்றாவதாக இங்கே வந்திருந்தார்.

"பூரணக் குடம், ஐயா. தானாகப் பிளந்தால் வீட்டுக்கு ஆகுமா? வந்தவள் நேரம் சரியில்லை என்கிறார்கள். பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்."

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் குடத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிபட்ட தழும்பு இல்லை. பிளவு முடிக்கோடுபோல் நேராக இறங்கியிருந்தது. "சீரில் வேறு என்ன பித்தளை வந்தது, அக்கா?" என்று கேட்டார். குத்துவிளக்கு இரண்டு என்றார் தாய். அவை எங்கே? குடத்துக்குப் பக்கத்திலேயே, அதே அறையில். அவற்றுக்கு ஏதேனும் ஆயிற்றா? ஒன்றும் ஆகவில்லை. அந்த அறையில் வேறு என்ன வைப்பீர்கள்? மகன் அப்போதுதான் வாய் திறந்தான். பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாக் கலன்கள் சுவருக்கு அப்பால் இருக்கின்றன. மழைக்காலமாதலால் இரண்டை உள்ளேயே வைத்திருந்தார்கள்.

அவருக்கு விளங்கிவிட்டது. ஆலையில் பயிற்சிக் காலத்தில் கேட்ட பழைய வரலாறு அது. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரைக் கொட்டடிகளில் சேமித்து வைத்தார்கள். மழை நின்று எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் வெடித்திருக்கும். பருவத்தில் நேர்ந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயரிட்டார்கள். 1921ஆம் ஆண்டு மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, காற்றின் ஈரம், இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் கூடினால் பித்தளை பிளக்கும். செய்து முடித்தபின் மிதமாகச் சூடேற்றி அந்த இறுக்கத்தைப் போக்கிவிட்டால் பிளவும் நிற்கும். தகட்டை அழுத்திச் சுழற்றிச் செய்த குடத்துக்கு இறுக்கம் உண்டு; வார்த்துச் செய்த குத்துவிளக்குக்கு அது இல்லை. ஒரே அறையில் குடம் பிளந்து விளக்கு பிழைத்ததன் காரணம் அதுதான். தந்தை தூவிய நவச்சாரத்திலும் இருப்பது அதே அமோனியாவே. ஈயம் பூசியவுடன் பாத்திரத்தை நீரில் கழுவாமல் தந்தை எவரிடமும் கொடுத்ததில்லை. ஏனென்று மகன் கேட்டதும் இல்லை.

இவற்றையெல்லாம் அவர் தாயிடம் சொன்னார். தாய் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை. படித்தவர்கள் எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள் என்பதுபோல் பார்த்தார். குதிரைக் கொட்டடிக் கதை அவருக்கு எதற்கு? அவர் வீட்டில் பிளந்தது குடம்.

"அடுத்த ஞாயிறு வாருங்கள், அக்கா. உங்கள் கண்ணுக்கே காட்டுகிறேன்" என்றார்.

குடம் வாங்கிய கடையிலேயே, ஒரே வகைச் சொம்புகள் ஆறு வாங்கினார். மூன்றைச் சூளையில் 300 பாகைக்குச் சற்றுக் குறைவாக ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டார். அந்தச் சூட்டில் பித்தளை இளகிவிடாது. உள்ளிறுக்கம் மட்டும் தணியும். மற்ற மூன்றை அப்படியே விட்டார். சூளை கண்டவற்றின் அடியில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். ஆறையும் ஒரே பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் அடுக்கி, நடுவே ஒரு கிண்ணத்தில் அமோனியா நீரை வைத்து மூடினார். ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது: ஒன்றைச் செய்து, ஒன்றைச் செய்யாமல் விட்டு, மற்றெல்லாவற்றையும் ஒரே நிலையில் வைப்பது. இதற்குமேல் அறிவியல் வகுப்பில் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது?

அந்த ஒரு வாரமும் அவருக்கு உறக்கம் சரியாக இல்லை. அறிவு அறிந்ததை, அடுத்தவீட்டுப் பெண்ணின் வாழ்வைப் பந்தயமாக வைத்து மெய்ப்பிப்பது வேறு. சொம்பின் தகடு தடிப்பாக இருந்து பிளக்காமல் போனால்? சூளை கண்டதில் ஒன்று பிளந்துவிட்டால்? தொட்டியைத் திறந்து பார்க்கக் கை துடித்தது. திறக்கவில்லை.

ஞாயிறு காலை தாயும் மகனும் வந்தார்கள். தொட்டியை மகனே திறந்தான். ஆறு சொம்பும் கறுத்து நீலம் பாய்ந்திருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றித் திண்ணையில் வரிசையாக வைத்தார். இரண்டு சொம்புகளின் அடியில் நீர் படர்ந்தது. மூன்றாவதன் வாயோரம் மெல்லிய கீறல் ஓடியிருந்தது. மற்ற மூன்றும் உலர்ந்த தரையில் நின்றன. தாய் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தார். சுண்ணாம்புப் புள்ளி எவற்றில் இருக்கிறது, எவற்றில் இல்லை என்று இரண்டு முறை எண்ணினார். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, மகனைப் பார்த்து, "வண்டியை எடு, போகும் வழியில் அவள் வீடுதானே" என்றார். அவரிடம் விடைபெறக்கூட மறந்துவிட்டார்.

ஒரு திங்கள் கழித்து அதே வண்டி வந்தது. இம்முறை மருமகளும் இறங்கினாள். வீட்டிலுள்ள புதுப் பித்தளை அனைத்தையும் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்கள்: குடம் நான்கு, சொம்பு ஆறு, தாம்பாளம் இரண்டு. "எல்லாவற்றையும் சூட்டில் காட்டிக் கொடுங்கள், ஐயா. அமோனியாவைத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றிவிட்டோம்" என்றாள் அந்தப் பெண். குடத்துக்குப் பதினெட்டு வெள்ளி, சொம்புக்கு ஐந்து வெள்ளி, தாம்பாளத்துக்குப் பத்து வெள்ளி என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். மாமியார் பேரம் பேசினார், நூற்றிருபத்திரண்டு நூறாயிற்று.

பிளந்த குடத்தைப் பற்ற வைத்துத் தரும்படி அவர்கள் கேட்கவில்லை. திரும்ப எடுத்துச் செல்லவும் இல்லை. கொட்டகையின் மேல்தட்டில், தந்தையின் துருத்திக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. புதுப் பாத்திரம் கொண்டு வருபவர்களிடம் அவர் முதலில் கூலியைச் சொல்வதில்லை. குடத்தை இறக்கிக் காட்டி, "வீட்டில் இதை எங்கே வைப்பீர்கள்?" என்றுதான் கேட்கிறார்.